வட ஆர்க்காட்டுக் குகைப் பள்ளிகள்: போவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ஆர்க்காடு, ஆம்பூர், போளூர் பக்கத்துக் குன்றுகளில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய குகைப் பள்ளிகள் இருக்கின்றன. துறவிகள் தங்கித் தவம் செய்த இடங்கள். நண்பர்களையும் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப் போவது என் வழக்கம். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வட ஆர்க்காடு என்று நான் சொல்வது 1989க்கு முந்தைய பழைய மாவட்டத்தை. அந்த ஆண்டு திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இன்றைய கணக்கில் இந்தக் குகைகள் நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும், வரலாறு என்று பார்த்தால் எல்லாம் ஒரே வட்டாரம்தான்.

இவை புத்தர் குகைகளா?

இல்லை, சமணக் குகைகள். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. அதில் தவறும் இல்லை. பாடப்புத்தகத்தில் அஜந்தா படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாறையில் ஒருவர் கண்மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தால் புத்தர் என்றுதான் மனம் முதலில் சொல்லும். ஆனால் பஞ்சபாண்டவர் மலை, வள்ளிமலை, ஆர்மாமலை, திருமலை நான்குமே சமணம் சார்ந்தவை. அங்கே பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் ஞானிகள்.

புத்தரா தீர்த்தங்கரரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று குடைகள் இருந்தால் அது தீர்த்தங்கரர். முக்குடை என்று தமிழ் இலக்கியமே பாடும் அடையாளம் அது. இரண்டு பக்கமும் சாமரம் வீசுபவர்கள் நிற்பதுண்டு.

அடுத்து உடம்பைப் பாருங்கள். புத்தரின் மேல் ஆடை இருக்கும். கல் தேய்ந்திருந்தால்கூட மார்புக்குக் குறுக்கே ஆடையின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். இங்குள்ள தீர்த்தங்கரர்கள் திகம்பரர்கள், ஆடை கிடையாது. கைகளை உடம்பில் ஒட்டாமல் நேராகத் தொங்கவிட்டு, அசையாமல் நிற்கும் உருவத்தைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். கால்களிலும் கைகளிலும் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்ற சமண முனிவர். பக்கத்தில் சிங்கமும் இரண்டு குழந்தைகளுமாக ஒரு பெண் இருந்தால் அம்பிகா இயக்கி, நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் காவல் தெய்வம்.

இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் போதும். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் நம்மை முந்திக்கொண்டு அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியானால் இந்தப் பக்கம் பௌத்தமே இல்லையா?

நன்றாகவே இருந்தது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பௌத்தர்களின் பெரிய ஊர். 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சி வட்டாரத்தில் நூறு சங்காராமங்களும் (பௌத்த மடங்கள்) பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதிவைத்தார். திகம்பரச் சமணர்கள் ஏராளமாக இருந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். மணிமேகலை தன் பயணத்தை முடிப்பது காஞ்சியில்தான். முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தில் நாகசேனன் என்று ஒரு பௌத்தத் துறவியும் வருகிறார்.

ஆனால் தமிழ்நாட்டுப் பௌத்தர்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளும் துறைமுகத்தை ஒட்டியும் செங்கல் விகாரைகள், அதாவது மடங்கள், கட்டிக்கொண்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்தபோது கிடைத்தது அப்படி ஒன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையும் அந்த வகைதான். செங்கலைப் பெயர்த்துக்கொண்டு போனால் கட்டடம் போய்விடும். மலைக்குப் போன சமணர்கள் பாறையைப் பிடித்துக்கொண்டதால் அவர்கள் தடம் இன்றும் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் இருப்பது போலப் பௌத்தர்கள் குடைந்த பெரிய மடாலயம் தமிழ்நாட்டில் இல்லாததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

பஞ்சபாண்டவர் மலை என்கிறார்களே, பாண்டவர்கள் இங்கே வந்தார்களா?

ஊர் வழக்கில் அப்படி ஒரு நம்பிக்கை. யார் குடைந்தார்கள் என்று மறந்துபோன குகைகளை வனவாசம் வந்த பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்வது தமிழ்நாடு முழுக்க உண்டு. மதுரைப் பக்கத்துக் கற்படுக்கைகளுக்கும் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் பேர். ஊர்ப் பெரியவர் இந்தக் கதையைச் சொன்னால் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கதை இருந்ததால்தான் பாறையை உடைக்காமல் விட்டுவைத்தார்கள் என்பது என் எண்ணம். கல்வெட்டு தரும் பழைய பெயர் திருப்பான்மலை.

அங்கே என்னென்ன பார்க்கலாம்?

ஆர்க்காட்டுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 7 கிலோமீட்டரில், விளாப்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது இந்தக் குன்று. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இங்கேதான் அனுப்புவேன்.

கிழக்குப் பக்கத்தில் பெரிய குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த மண்டபம். வரிசைக்கு ஆறாக, இரண்டு வரிசையில் பன்னிரண்டு தூண்கள். பின்சுவரில் ஏழு அறைகள். ஏழும் காலி. எந்த மூர்த்தியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். தூண்களின் கனத்தைப் பார்த்தால் பல்லவர் காலக் குடைவரை என்று தெரியும். மாமண்டூர், மகேந்திரவாடி பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். குகைக்கு மேலே பாறை முகத்தில் ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே போகிற அவசரத்தில் பலர் இவரைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

கிழக்கு பார்த்த குகை என்பதால் காலை வெயில் நேராகத் தூண்களில் விழும். உளித் தடம் ஒவ்வொன்றும் அப்போது தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் அந்த அழகு இருக்காது.

சரி, அதோடு இறங்கிவிடாதீர்கள். தெற்குப் பக்கம் இயற்கையாக அமைந்த இன்னொரு குகை உண்டு. உள்ளே சுனை. பாறையில் ஓர் இயக்கியின் உருவமும் அதையொட்டிக் கல்வெட்டும் இருக்கின்றன. கலைநயத்தில் கிழக்குக் குடைவரை பெரியதாக இருக்கலாம். எனக்கு மனதுக்கு நெருக்கமானது இந்தச் சின்னக் குகைதான். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது? நம்மால் படிக்க முடியுமா?

மொழி தமிழ்தான், எழுத்து வடிவம்தான் பழையது. கொஞ்சம் பழகினால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். கல்வெட்டுத் துறையினர் எப்போதோ படித்து அச்சிட்டுவிட்டதால் பொருள் நமக்குத் தெரியும்.

முதலாவது, நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆட்சியாண்டு. இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் காலம், அதாவது 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் என்பவர் பொன்னியக்கியார் படிமத்தையும் நாகநந்தி குரவரையும் இங்கே செதுக்குவித்தார் என்கிறது அது. யோசித்துப் பாருங்கள். நாரணன் அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரு வைத்தியர் வீட்டுப் பிள்ளை. அவர் எந்தப் போரிலும் பேர் வாங்கவில்லை. ஒரு குருவின் மீதும் ஒரு தெய்வத்தின் மீதும் வைத்த பற்றினால் செய்த காரியம், பன்னிரண்டு நூற்றாண்டு கழித்தும் அவர் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாறை முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் நினைப்பது அவரைத்தான்.

இரண்டாவது கல்வெட்டு முதலாம் ராஜராஜனின் எட்டாம் ஆண்டு, கி.பி. 993. இந்தப் பக்கத்தை ஆண்ட சிற்றரசன் இலாடராசன் வீரசோழன். அவனுடைய தேவி இலாடமகாதேவி திருப்பான்மலைத் தேவரைக் கும்பிட வந்திருக்கிறாள். பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்குத் தானமாக, விட்ட கூறகன்பாடி ஊரிலிருந்து கற்பூர விலை என்ற வரியை இலாடராசர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பள்ளிச்சந்தம் கெட்டுப்போகிறது, அந்த வரியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தேவி கேட்கிறாள். அரசன் விடுகிறான், அதோடு அந்நியாயவாவதண்டவிறை என்ற இன்னொரு வரியையும் சேர்த்து. ‘அறமறவற்க அறமல்லது துணையில்லை’ என்று முடிகிறது சாசனம். ஒரு பெண் வந்து, நிலைமையைப் பார்த்து, கணவனிடம் நியாயம் கேட்டு வாங்கியதைக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். பெரிய போர்களின் கணக்கோடு இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வள்ளிமலை முருகன் கோயிலுக்குப் போகிறோம். சமணக் குகையையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

தாராளமாக. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர், மேல்பாடிக்குப் பக்கத்தில். வள்ளி பிறந்து வளர்ந்த மலை என்று இன்றும் கூட்டம் வருகிறது. திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பி 1950இல் மறைந்த வள்ளிமலை சுவாமிகளின் ஆசிரமமும் இங்கேதான். முருகனைப் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது சமணக் குகை தெரியுமா என்பது சந்தேகம். படி ஏறத் தொடங்கும் முன் கீழேயே வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

இயற்கைக் குகையை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர்களும் இயக்கியரும் வரிசையாக இருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் மேலைக் கங்க மன்னன் ராசமல்லன் இங்கே ஒரு வசதியை, அதாவது சமணக் கோயிலை ஏற்படுத்தினான் என்று கல்வெட்டு சொல்கிறது. தன் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பேரெல்லாம் அதில் வரிசையாக வருகிறது. கன்னட மொழியிலும் கல்வெட்டுகள் உண்டு. பாண மன்னனின் குருவான பவணந்தியின் மாணவர் தேவசேனர் என்று ஓர் உருவத்தின் கீழ் பேர் எழுதியிருக்கிறார்கள். கங்கர் நாடும் பாணர் நாடும் பல்லவர் நாடும் உரசிக்கொண்ட எல்லை இது. ஆட்சி மாறிக்கொண்டே இருந்தபோதும் துறவிகள் இருந்த மலைக்கு ஆதரவு நிற்கவில்லை.

திரும்பும்போது மேல்பாடியில் இறங்குங்கள். ஆற்றூரில் இறந்த அரிஞ்சய சோழனுக்காக ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. சின்னக் கோயில்தான், கூட்டமும் இருக்காது. இன்னும் நேரம் இருந்தால் பாணர்களின் வாணபுரமான திருவலத்தில் வில்வநாதேசுவரரையும் பார்த்துவிடலாம்.

ஓவியம் இருக்கும் குகை எது?

ஆம்பூர் பக்கத்து மலையாம்பட்டில் இருக்கும் ஆர்மாமலை. சித்தன்னவாசலைத் தேடிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போகிறோம். அதோடு சேர்த்துப் பேச வேண்டிய 8ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பாறைக்கு அடியிலான இயற்கைக் குகை. உள்ளே சுடாத மண்கல் வைத்துச் சுவர் எழுப்பி அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். கூரையில் தாமரைக் குளமும், எண்திசைக் காவலர்களும். ஆட்டின் மேல் அக்கினியும் அவன் துணைவியும் ஏறிவரும் காட்சி ஓரளவு தெரியும்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. புகைப்படத்தில் பார்ப்பது போலப் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுத்தால் நிறம் மெல்ல எழும்பி வரும். சுண்ணாம்புப் பூச்சைத் தொடவே கூடாது. விரல் பட்ட இடம் உதிரும், கையின் எண்ணெய் பட்ட இடம் கறுக்கும். பிளாஷ் வேண்டாம்.

திருமலையும் இதே மாதிரிக் குகைதானா?

போளூருக்கும் ஆரணிக்கும் இடையில், வடமாதிமங்கலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இது குகையோடு நிற்கவில்லை, முழுமையான தலம். மேலே பாறையில் வெட்டிய நேமிநாதர் 16 மீட்டருக்கு மேல் உயரம். தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்களில் இவரே உயரமானவர். கீழே குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயில், ராஜராஜனின் அக்கா பேரில். பக்கத்துப் பாறை அறைகளில் ஓவியங்கள்.

ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. கங்கை வரை படை போய் வென்ற நாடுகளின் பட்டியல் அதில் வருவதால் வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் அதை எடுத்தாள்கிறார்கள். அரசனின் புகழைச் சொல்லும் அவ்வளவு பெரிய மெய்க்கீர்த்திக்கு அடியில் வரும் செய்தி என்ன தெரியுமா? பெரும்பாணப்பாடி வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் காசு கொடுத்தார் என்பதுதான். அந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டதே அவருக்காக.

துறவிகள் இங்கே எப்படி வாழ்ந்திருப்பார்கள்?

சமண முனிவர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் நான்கு மாதம் ஓர் இடத்தில் இருப்பார்கள். நடந்தால் ஈரத் தரையில் முளைக்கும் புல்லும் ஊரும் பூச்சியும் மிதிபடும் என்பதால்தான். அந்த மாதங்களுக்குப் பாறையின் மறைவு தேவைப்பட்டது. நாளுக்கு ஒரு வேளை உணவு, அதுவும் பொழுது சாய்வதற்கு முன். அதற்காகக் கீழே ஊருக்கு நடந்து வருவார்கள்.

குகை எங்கே அமைந்திருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஊர்ச் சத்தம் எட்டாத தூரம், ஆனால் பிச்சைக்கு நடந்து போய் வரக்கூடிய தூரம். பக்கத்தில் வற்றாத சுனை. வணிகப் பாதைக்கு அருகாமை. சுனை இருக்கும் குகையைப் பார்த்தால் அங்கே ஆள் இருந்திருக்கிறார்கள் என்று தைரியமாகத் தேடலாம். பழைய குகைகள் சிலவற்றின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் மற்ற மலைகளுக்குப் போகும்போதும் கவனியுங்கள்.

படிப்பும் வைத்தியமும் இங்கே நடந்தன. நாகநந்தி குரவர், பவணந்தி, தேவசேனர் என்று கல்லில் வரும் பேர்களெல்லாம் ஆசிரியர்களும் மாணவர்களும்தான்.

கருங்கல்லை எப்படிக் குடைந்தார்கள்?

அஜந்தா பக்கம் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, உளிக்கு ஓரளவு இளகிக் கொடுக்கும். நம்முடையது அதைவிடப் பல மடங்கு பிடிவாதமான கல். அதனால்தான் இங்கே குடைவரைகள் சிறியவை. பல்லவத் தச்சர்கள் பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி கோடு போட்டு உள்ளே போனார்கள். மாமல்லபுரத்தில் முடியாமல் நிற்கும் வேலைகளில் இதை அப்படியே பார்க்கலாம். முடியாத குடைவரைதான் இந்த விஷயத்தில் நல்ல ஆசிரியர். பஞ்சபாண்டவர் மலையில் அவசரப்படாமல் சுவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வேலூர் வெயிலைப் பற்றி நம்மிடமே சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது பாறை அடுப்புக்கல் மாதிரி சூடேறிவிடும். கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் விடிந்ததும் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், பாசி வழுக்கும். பொழுது சாய்ந்தபின் எந்தக் குகையிலும் இருக்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, டார்ச். கழிப்பறை வசதியை எதிர்பார்க்காமல் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பஸ்ஸில் போக முடியுமா?

முடியும். பஞ்சபாண்டவர் மலைக்கு வேலூரிலிருந்து ஆர்க்காடு போய், அங்கிருந்து விளாப்பாக்கம் பக்கம் போகும் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். வள்ளிமலைக்குக் காட்பாடி, திருவலம் வழி. கிருத்திகை நாட்களில் கூட்டம் அதிகம், அதைத் தவிர்த்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். திருமலைக்குக் காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதை கைகொடுக்கும். ஆர்மாமலைக்கு மட்டும் சொந்த வண்டி நல்லது. மலையாம்பட்டில் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

தேனீ, குரங்கு, பாம்பு?

மூன்றும் உண்டு. நான் பயப்படுவது மலைத்தேனீக்கு மட்டும்தான். பாறைச் சரிவின் அடியில் பெரிய அடைகள் தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அடியில் நின்று சத்தம் போடுவது, புகை பிடிப்பது, கல்லெறிவது கூடவே கூடாது. ஒன்றிரண்டு தேனீ முகத்தைச் சுற்றினாலே திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் வரலாம். குரங்குக்குத் தின்பண்டம் காட்டாமல் இருந்தால் போதும். இருட்டான அறைக்குள் கை வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? சாப்பிடலாமா? போட்டோ எடுக்கலாமா?

பூசை நடக்கும் இடத்தில் செருப்பு கூடாது. மற்ற இடங்களிலும் உருவங்களுக்கு அருகில் போகும்போது கழற்றிவிடுவது என் வழக்கம். சாப்பாடு கீழே இறங்கிய பிறகு. ஆம்பூர் பக்கம் போனால் பிரியாணி பொட்டலத்தோடு மலை ஏறுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். உயிர்க்கொலை கூடாது என்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர்களின் இருப்பிடம் அது. இறங்கி வந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். ஆர்க்காடு வழியாகத் திரும்பினால் மக்கன் பேடா வாங்காமல் வரமாட்டீர்கள் என்று தெரியும்.

கைபேசியில் படம் எடுப்பதில் சிக்கல் இல்லை. கல்வெட்டு தெளிவாகத் தெரிய மாவு, சுண்ணாம்பு பூசுவது பெரிய கேடு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து தானாக எழும்பும்.

சுவரெல்லாம் பேர் கிறுக்கியிருக்கிறார்களே?

பார்க்கும்போது வயிறு எரிகிறது. தீர்த்தங்கரர் மார்பில் பெயின்ட், தூணில் இதயப் படம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2010 திருத்தத்தில் இப்படிக் கடுமையாக்கினார்கள். ஆனால் மலையில் காவலுக்கு எப்போதும் ஆள் இருப்பதில்லை. கிறுக்குகிறவரைப் பார்த்தால் சண்டைக்குப் போகாமல், இது எந்தக் காலத்தது, யார் செய்தது என்று எடுத்துச் சொல்லுங்கள். நாரணன் கதையைச் சொன்னதும் கையை எடுத்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கும் பெயின்ட்டை நீங்களே சுரண்ட முயலாதீர்கள். சிற்பத்தின் தோலும் சேர்ந்து வந்துவிடும். அது பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

வயதான அப்பா அம்மாவை, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

பஞ்சபாண்டவர் மலையின் கிழக்குக் குடைவரை அடிவாரத்திலேயே இருப்பதால் மெதுவாக நடந்து பார்த்துவிடலாம். திருமலையில் கீழ்க்கோயில்கள் எளிது, நேமிநாதரிடம் போகப் படி உண்டு. வள்ளிமலை முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஆர்மாமலை வேண்டாம். எங்கேயும் தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள்.

சமணர்கள் இப்போது இங்கே இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ் பேசி, உழவு பார்த்து, பொழுது சாயும் முன் சாப்பிட்டு, தங்கள் ஊர் ஜினாலயத்தைக் காப்பாற்றி வருபவர்கள். திருமலையில் அரகந்தகிரி மடம் இயங்குகிறது. வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலையில் குந்தகுந்தர் என்ற சமண ஆசாரியரின் பாதங்களை இன்றும் வணங்குகிறார்கள். எனவே இந்த மதத்தை ‘இருந்தது’ என்று பேச வேண்டாம். அவர்கள் முன்னால் நின்று அப்படிப் பேசுவது மனதைப் புண்படுத்தும்.

ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம்?

இரண்டு. காலையில் பஞ்சபாண்டவர் மலை, மாலையில் வள்ளிமலை. நாலையும் ஒரே நாளில் முடிக்க வண்டி இருந்தால் முடியும், ஆனால் ஒன்றுமே மனதில் நிற்காது. ரயிலில் சென்னைப் பக்கம் போகிறவர்கள் இன்னொரு நாள் மகேந்திரவாடியில் இறங்கிப் பார்க்கலாம். ஒற்றைப் பாறையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த விஷ்ணு கோயில். தான் வெட்டிய ஏரியின் பேரையும் அங்கே கல்வெட்டில் சொல்லியிருக்கிறான்.

பௌத்தர்களே குடைந்த மடாலயத்தைப் பார்க்க வேண்டும். எங்கே போகலாம்?

ஆந்திராவில் ஏலூர் மாவட்டத்து குண்டுபள்ளிக்கு முதலில் போகச் சொல்வேன். காட்பாடியிலிருந்து விஜயவாடா போகும் ரயில்கள் நிறைய. கி.மு. காலத்திலேயே தொடங்கிய இடம். சைத்தியம் என்ற வட்ட வடிவ வழிபாட்டு அறை ஒன்றில் நடுவே தூபி. கூரையில் மர விட்டங்களைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். துறவிகளின் அறைகள் மலைச்சரிவில் வரிசையாக இருக்கின்றன.

மகாராஷ்டிரம் போக முடிந்தால் அஜந்தா. வாகோரா ஆற்று வளைவில் 30 குகைகள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைக் கணக்கில் வைத்து டிக்கெட் போடுங்கள். மும்பையில் சொந்தக்காரர்கள் இருந்தால் போரிவலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரியை விடாதீர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள், அவற்றோடு மழைநீரைச் சேமிக்கப் பாறையிலேயே வெட்டிய தொட்டிகளும். அங்கே தானம் கொடுத்தவர்களின் பேர்களையும் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். வணிகர்கள், கைவினைஞர்கள், பிக்குணிகள் என்று எல்லாரும் அதில் வருகிறார்கள். எழுத்து பிராமி என்ற பழைய வடிவம். கிளம்பும் முன் தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைப் பார்த்துப் பழகிக்கொண்டால், வடிவங்கள் பெரும்பாலும் ஒத்திருப்பதால் அங்கேயும் சில எழுத்துகளை நீங்களே கூட்டிப் படித்துவிடலாம்.